முப்பத்தொன்றாம் இலக்கத் தொப்பிக்காரரும் ஏழாம் இலக்கத் தூங்குமூஞ்சியும்

எடி,

நேற்று உன் ஆண்டுத்திவசம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு உன் அம்மா அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பொதியை இறக்கி என் மடியில் வைத்தார். "இது உன்ரையும்தானே பிள்ளை. கொண்டு போ," என்றார். பழைய சேலைத் துண்டில் சுற்றிக் கட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. பூச்சி உருண்டை, பழைய மட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் எப்போதோ மென்று துப்பிய சூயிங் கம்மின் சீனி வாசம். எனக்கு ஒரு நொடியில் பதின்மூன்று வயது ஆகிவிட்டது, நம்புவாயா?

எங்கள் கால்பந்துப் பட அல்பம். கெல்சென்கிர்ச்சனில் எங்களோடு படித்த பிள்ளைகள் எல்லாம் அந்த வருடத்துப் புது ஸ்டிக்கர்களை வாங்கி ஒட்டிக்கொண்டு திரிய, நாங்கள் இருவர் மட்டும் எங்கள் அப்பாமார் பிறப்பதற்கு முன்னோ பின்னோ அச்சடித்த பழைய படங்களைத் தேடிப் பைத்தியமாய் அலைந்தோம். யூரோக் காசு கைக்கு வந்து ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமைப் பழைய சாமான் சந்தையில், உடைந்த விளக்குகளுக்கும் கோப்பைகளுக்கும் நடுவே நோவாக் அம்மா ஒரு சப்பாத்துப் பெட்டியை வைத்திருந்தார். அதற்குள்தான் எங்கள் உலகம் கிடந்தது.

முதல் மாதத்திலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெட்டி நிறையப் படம், ஆனால் திரும்பத் திரும்ப அதே பன்னிரண்டு முகம். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. அல்பத்திலோ நாற்பத்தெட்டு இடம். மீதி முப்பத்தாறு பேர் எங்கே? நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நோவாக் அம்மாவிடம் வழக்குப் பேசப் போனாய். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கம்பெனி ஊருக்கு ஊர் வேறு வேறு படம் அனுப்பியது, பிள்ளைகளே. மேற்குக்கு மேற்கு ஆட்டக்காரர், வடக்குக்கு வடக்கு. தெற்குக்கும் தென்மேற்குக்கும் அதே கதைதான். நான் சின்னவளாக இருந்தபோது வடக்குப் படம் ஒன்றைக் கண்ணாலும் கண்டதில்லை. முப்பத்தொன்றாம் இலக்கத்தில் தொப்பி போட்ட கோல் காப்பாளர் ஒருவர் இருக்கிறாராம். கேள்விதான்."

வேறு யாராவது என்றால் அதோடு சோர்ந்திருப்பார்கள். உனக்கோ கண் இரண்டும் விரிந்துவிட்டது. "அப்ப வெளியூருக்குப் போனால் கிடைக்கும், என்ன?" என்று என் கையைக் கிள்ளினாய். கிள்ளிய பிறகுதான் உனக்கு ஞாபகம் வந்தது, உன்னால் வெளியூருக்குப் போக ஏலாது என்று.

உங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை. நகர எல்லையைத் தாண்டுவதானால் அலுவலகத்தில் அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவம் போட்டு, அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் தாண்டலாம். வகுப்புச் சுற்றுலாவுக்கும் அப்படித்தான். எங்கள் குடும்பத்துக்கு விசா இருந்தது. அதோடு எங்களுக்கு ஜெர்மனி முழுக்க, ஊருக்கு ஒரு மாமாவும் சித்தியும் இருந்தார்கள். வார இறுதி வந்தால் போதும், எங்காவது பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்தியவீடு, இல்லாவிட்டால் கலியாணம், அதுவும் இல்லாவிட்டால் முதலாவது பிறந்தநாள். பட்டுப் பாவாடையைக் கட்டிவிட்டு, காரின் பின்சீட்டில் என்னைப் பலகாரச் சட்டிகளோடு சேர்த்து அடுக்கிக் கொண்டு போவார்கள். எனக்கு வெறுத்துப் போயிருந்தது. நீதான் அதைத் தலைகீழாக மாற்றினாய்.

எங்கள் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அழைப்பிதழ்களை நீ ஒவ்வொன்றாய்க் கழற்றிப் படித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஸ்ருட்கார்ட், தெற்கு! இது மன்ஹைம், தென்மேற்கு! எடியே, உன்ரை கொம்மாவுக்குத் தெரிஞ்ச சனம் எல்லாப் பக்கத்திலையும் இருக்கு!" அன்றைக்கே வேலை பிரித்தாயிற்று. உள்ளூர்ச் சந்தைகளைச் சல்லடை போட்டு, மேற்குப் படங்களின் ரட்டைகளை, அதாவது ஒன்றுக்கு மேல் அகப்படும் பிரதிகளைச் சேர்ப்பது உன் பொறுப்பு. அவற்றைக் கொண்டுபோய் வெளியூரில் மாற்றுவது என் பொறுப்பு. "உள்ளூர் எனக்கு, வெளியூர் உனக்கு," என்று கைகொடுத்தாய்.

ஸ்ருட்கார்ட் சந்தையில் பட்டுப் பாவாடையும் தலை நிறைய மல்லிகையுமாய் நான் நின்று பேரம் பேசியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாயிருக்கிறது. அங்கே தெற்குப் படம் குவிந்து கிடந்தது, மேற்குக்குத்தான் பஞ்சம். அதிலும் நம் ஏழாம் இலக்கத்துக்கு நல்ல கிராக்கி. படம் எடுத்த நேரம் பார்த்துக் கண்ணை மூடிவிட்ட அந்த ஆளுக்கு நாம் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தோம். அவரைக் கண்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே இரண்டு படத்தைத் தந்தார்கள். அப்பா காரில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார், அம்மா இறங்கி வந்து காதைத் திருகினார். நான் விடவில்லை. ஒன்பது படத்தோடு திரும்பினேன்!

ஓடி வந்து உன் முன்னால் பரப்பினால், நீ படத்தைப் பார்க்கவில்லை. "அங்கை பஸ் என்ன நிறம்?" என்று கேட்டாய். "மழை பெஞ்சதே? சனம் எப்பிடிக் கதைக்குது? மலை தெரிஞ்சதே?" ஒவ்வொரு முறையும் இப்படித்தான். எனக்கு முதலில் எரிச்சல். பிறகு நானே பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து வைக்கப் பழகினேன். அந்தந்தப் பக்கத்தில் படத்துக்குக் கீழே நீ பென்சிலால் எழுதுவாய்: மஞ்சள் பஸ், மலை உண்டு, இறைச்சிக் கடைக்காரர் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறார். நீ சேர்த்தது ஆட்டக்காரரை அல்லடி, ஊர்களை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு வருடத்தில் நாற்பத்தேழு படம். தொப்பிக்காரர் மட்டும் இல்லை. அந்த நேரத்தில்தான் வடக்கே பிறேமனில் எங்கள் அப்பாவின் சிநேகிதர் மகளுக்குக் கலியாணம் வந்தது. சனிக்கிழமை கலியாணம், ஞாயிறு காலை அங்கே பெரிய சந்தை. "இந்த முறை நானும் வாறன்," என்றாய். அழைப்பிதழில் உங்கள் குடும்பப் பெயரையும் எழுதி வாங்கித் தந்தார் என் அப்பா. பதினொரு வயதிலிருந்து உங்கள் வீட்டுப் படிவம் எல்லாவற்றையும் நிரப்பியவள் நீ. கடதாசியில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் படிவத்தில் எழுத வேண்டும், ஒரு இலக்கம் மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கே பாடம் எடுப்பாய். அந்தப் பழக்கத்தில் அழைப்பிதழில் இருந்த திகதியை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாய். போகும் நாள் சனி. திரும்பும் நாளும் சனி!

அனுமதிக் கடிதம் வந்ததும் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தாய். "நான் எழுதினதைத்தானே தந்திருக்கினம். அவையளைப் பிழை சொல்ல ஏலாது." ஞாயிற்றுச் சந்தை போயிற்று. எனக்கு அழுகை வந்தது. உனக்கோ, "சனிக்கிழமை கிடக்குத்தானே!"

பயணத்தின்போது நீ செய்த அட்டகாசம்! ஊர்ப் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு இழுத்த எல்லைப் பலகையைக் கண்டதும் அப்பாவின் காது அடைக்கக் கத்தினாய். "கோட்டைத் தாண்டியாச்சு!" கையில் அனுமதிக் கடிதம், மடியில் அல்பம். "இதுவும் ஒருக்கா ஊர் பாக்கட்டும்," என்று அல்பத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாய். உன் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியதை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

மண்டபத்தில் நானூறு பேர். ஐயர் அக்கினிக்கு நெய் விட விட, மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹௌஸ்மைஸ்டர் புகை மணி அடித்துவிடுமோ என்ற பயத்தில் தண்ணீர் வாளியோடு மணவறை ஓரத்தில் நின்றார். நான் முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சுற்றிவரப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாய்: "இந்தப் படங்கள் கடையிலை இல்லையடி. அப்ப பத்து வயசா இருந்த ஆக்களின்ரை வீட்டிலைதான் கிடக்கும். இவ்வளவு சனத்திலை, இந்த ஊரிலை சின்னப்பிள்ளையா இருந்த ஆள் ஆர்?"

பார்த்தேன். ஒரே ஒருவர்தான். வாளியோடு நின்றார்.

நீ நேரே அவரிடம் போய் அல்பத்தை விரித்து வெற்றிடத்தைக் காட்டினாய். அவர் முகத்தில் அந்த நேரம் ஓடியதை என்னால் எழுதிக் காட்ட முடியாது. "தொப்பி போட்டவரா? என்னிடம் மூன்று இருக்கிறதே! எங்கள் தெருவில் எல்லோரிடமும் இருந்தது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் மேற்கிலிருந்தா வருகிறீர்கள்? ஏழாம் இலக்கம் வைத்திருக்கிறீர்களா? கண்ணை மூடியவர். ஒருமுறை மச்சான் ஒருவன் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோய்விட்டான். நாற்பது வருடமாகிறது." நீ ஓம் என்று தலையாட்டினாய். மனிதர் வாளியை என் அப்பாவின் கையில் திணித்துவிட்டு, பின்தெருவில் இருந்த தன் வீட்டுக்கு ஓடினார். பட்டு வேட்டியோடு என் அப்பா தாலி கட்டி முடியும்வரை தண்ணீர் வாளியோடு காவல் நின்ற காட்சி கலியாண வீடியோவில் இன்றைக்கும் இருக்கிறது.

சுருட்டுப் பெட்டியோடு அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அம்மா என்னைப் பாயசம் பரிமாறக் கூப்பிட்டுவிட்டார். நான் திரும்பி வந்தபோது மாற்றம் முடிந்திருந்தது. அவர் தூங்குமூஞ்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி நின்றார், கண் கலங்கியிருந்தது. நீ தொப்பிக்காரரைக் காட்டித் துள்ளினாய், நானும் துள்ளினேன். "ஏழு எங்கையடி எடுத்தனி? ரட்டை எல்லாம் முடிஞ்சுதே?" என்று கேட்டேன். "கிடந்தது," என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சனிக்கிழமை முடிவதற்குள் உன்னைச் சேர்க்க வேண்டுமென்று அப்பா விருந்தைப் பாதியில் விட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே காரை எடுத்தார். வழியில் மேற்குப் பக்கத்தைத் திருப்பப் போனேன். நீ அல்பத்தைப் பறித்துக்கொண்டாய். "அதிலை என்ன பாக்கக் கிடக்கு? எல்லாம் எங்கடை முகங்கள்தானே."

இரண்டு வருடம் கழித்து உங்களுக்கு விசா கிடைத்தது. அந்த மாதமே நீ லைப்சிக்கில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்கு எழுதிப் போட்டு, இடமும் வாங்கிவிட்டாய். ரயில் மேடையில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்க, "எங்கடை வீட்டை போய் அல்பத்தை ஒருக்காத் திறந்து பார்," என்றாய். "அதுதான் நிறைஞ்சு போச்சே," என்றேன். மறுநாள் தொலைபேசியில் உன் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. "எடியே, இது அந்தக் காலத்துக் கிழக்கு ஜெர்மனி! இஞ்சை ஒரு படமும் வரேல்லை, ஒருத்தருக்கும் தூங்குமூஞ்சியைத் தெரியாது!" கடைசியில் கேட்டாய்: "அல்பத்தைப் பாத்தனியே?" "பாத்தனான், வடிவாய்க் கிடக்கு," என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன். நீ நீளமாய்ச் சிரித்தாய். அதன் பிறகும் வருடத்துக்கு ஒருமுறையாவது, வேறு வேறு ஊர்களிலிருந்து, அதே கேள்வியைக் கேட்டாய். அதே பொய்யைச் சொன்னேன். அதே சிரிப்பைச் சிரித்தாய். நோயில் படுத்திருந்தபோதும் கேட்டாய்.

நேற்றுத்தான் திறந்தேன். மேற்குப் பக்கம். ஒன்றிலிருந்து ஆறு, பிறகு எட்டிலிருந்து பன்னிரண்டு. ஏழாம் இலக்கத்துக்கான இடத்தில் படத்தைச் செருகும் நான்கு கடதாசி மூலைகள் மட்டும், நடுவில் உன் பென்சில் எழுத்து:

"இனி வெளியூர் எனக்கு, உள்ளூர் உனக்கு. தூங்குமூஞ்சியை நீ பிடி."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே உன்னைத் திட்டினேன். எத்தனை வருடமாய் நான் பொய் சொல்வதைத் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாய். ஒருமுறையாவது காட்டிக் கொடுத்தாயா?

இன்றைக்குச் சனிக்கிழமை. விடிந்ததும் சந்தைக்குப் போனேன். நோவாக் அம்மாவின் இடத்தில் இப்போது ஒரு இளைஞன் பழைய இசைத்தட்டு விற்கிறான். அவனுக்கு அடுத்த மேசையில், மூன்றாவது பெட்டியில், அரை மணி நேரத்தில் ஆள் அகப்பட்டார். கண்ணை மூடியபடி. நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் கோப்பையைக் கைநழுவ விட்டார். நீ கேட்பாய் என்று எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன்: தூறல் மழை. சந்தையில் பாதி பேர் சிரியாக்காரர், நன்றாய்ப் பேரம் பேசுகிறார்கள். நம் பழைய ஸ்டேஷன் வழிப் பஸ் இப்போது ஓடுவதில்லை, ட்ராமில்தான் போனேன்.

வீட்டுக்கு வந்து படத்தை மூலைகளுக்குள் செருகப் போனேன். செருகினால் உன் எழுத்து மறைந்துவிடும். எடுத்துவிட்டேன். தூங்குமூஞ்சி இப்போது என் கைப்பைக்குள், அடையாள அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறார். வருகிற கிழமை முன்ஸ்டரில் ஒரு சாமத்தியவீடு, அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அல்பத்தில் ஏழாம் இலக்கம் வெறுமையாகவே இருக்கும். நிறைந்துவிட்டதா என்று யாராவது கேட்டால், இந்த முறை உண்மையைச் சொல்வேன்.