குளித்துவிட்டு வருகிறவர்கள்

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடையை மறந்துவிட்டு தெஹியோவிட்ட பஸ்ஸில் தொப்பலாக நனைந்து ஏறினேன். ஆஸ்பத்திரியில் வேலை முடியும்வரை காலுறை காயவில்லை.

போன வாரம் அவசர சிகிச்சைப் பிரிவு வாங்கில் உட்கார்ந்தபடியே இறந்துபோன ரப்பர் பால்வெட்டுக்காரர் இன்னும் தலைக்குள். வெள்ளைச் சட்டை, திருநீறு, படிய வாரிய தலை. "கொஞ்சம் மேலுக்கு முடியலைங்க" என்றாராம். காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் தோட்டத்து ஆட்கள் உயிரே போனாலும் ரப்பர் பால் நாற்றத்தோடு ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். குளித்து, நல்ல உடுப்பு போட்டுத்தான் கிளம்புவார்கள். இங்கே நாங்களோ ஆளின் தோற்றத்தைப் பார்த்தே யார் அவசரம் என்று முடிவு செய்கிறோம். எரிச்சல்.

ஜூன் 10, செவ்வாய்

நர்ஸிங் மேல்படிப்புக்கு ஆய்வு ஒன்று செய்ய வேண்டும். பிரிவுப் பொறுப்பு சிஸ்டரிடம் கேட்டேன்: வாசலில் ஒரு மேசை. வருகிற எல்லோருக்கும், உட்காரும் முன்பே, நாடி, பிரஷர். காத்திருக்கும்போது எத்தனை பேருக்கு மோசமாகிறது என்று, மேசை வருவதற்கு முன்னும் பின்னும், ஒப்பிடலாம்.

ஆள் எங்கே, வாசல் அடைபட்டால் யார் பதில் சொல்வது என்று சிங்களத்தில் பொரிந்தார். கடைசியில், "ஹரி, பலமு." சரி, பார்ப்போம் என்று. நாளையிலிருந்து ஒரு வாரம். சரிவராவிட்டால் மேசை போய்விடும்.

கீரை வாங்க மறந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

வரிசை பாதிப் படிக்கட்டுவரை. ஏச்சு வேறு. "வெரல் வெட்டுனதுக்குமா பிரஷர் பாப்பீங்க, மிஸ்ஸி?"

மத்தியானம் யட்டியாந்தோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. புதுச் சேலை, முகத்தில் பவுடர். "வயித்துல லேசா வலிங்க. அவசரமில்ல, மத்தவங்கள பாருங்க." பிரஷர் அதலபாதாளத்தில். ஓட்டமாக உள்ளே, அங்கிருந்து ஆபரேஷன் தியேட்டர். கருக்குழாய் வெடித்து வயிறு நிறைய இரத்தம். பிழைத்துவிட்டாள்.

புருஷன் தியேட்டர் வாசலில் நின்றான். "குளிச்சிட்டுத்தாங்க வந்திச்சு. தண்ணி வாளியகூட அதுவே தூக்கிச்சு."

ஒருத்தியை வைத்து ஆய்வு நிரூபணமாகாது. தெரியும். இருந்தாலும் சந்தோஷம். டீயோடு மீன் வைத்த மாலுபாண் இரண்டு.

ஜூன் 17, செவ்வாய்

சிஸ்டர் சொல்லிவிட்டார், மேசை இருக்கட்டும். காலை நேரத்துக்கு இன்னொரு ஆளும் தருவாராம். பாராட்டு ஒன்றுமில்லை. எதிர்பார்த்தால்தானே.

ஜூன் 18, புதன்

வெயில். பால்வெட்டுக்காரரின் மனைவி மரணச் சான்றிதழ் விஷயமாக வந்திருந்தார். போகும்போது மேசைப் பக்கம் நின்றுவிட்டார். நான் ஒரு கிழவருக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வர்றவங்க எல்லாருக்குமே பாக்குறீங்களா, மிஸ்ஸி?"

"ஆமாங்க அக்கா."

"ஒக்கார முந்தியே?"

"ஆமாங்க."

"எப்ப இருந்துங்க?"

போன வாரத்திலிருந்து என்றேன். அவர் புருஷன் வந்தது அதற்கு முந்தின வாரம்.