ஆடாத வீடு

ஜனவரி 14

ராத்திரி குளிரில் எஞ்சின் உறையாமல் இருக்க காரின் ஹீட்டருக்கு பிளக் செருக மறந்துவிட்டேன். காலையில் எஞ்சின் பாறையாகக் கிடந்தது. சபாஷ் ஸ்டெஃபி. போக வழியில்லாமல் பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது வின்னிபெக்கிலிருந்து போன். மெரடித் என்று ஒரு பெண். எல்லோரும் மறந்துபோன இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி அச்சடித்து விற்பதுதான் அவள் வேலையாம். இப்படியும் ஒரு வேலை!

"ஏழு மைல் பாய்ஸ்னு ஒரு இசைக்குழு, 1971. அட்டையில உங்க பேரு இருக்கு. பாய்ஸ்ல எப்படிங்க ஒரு பொண்ணு?"

"அட்டைப் படத்துல டை கட்டிக்கிட்டு ஒல்லியா ஒரு பையன் நிக்கிறான் பாரு. அது நான்தாம்மா."

சிரித்தாள். எனக்கும் சிரிப்பு. டை என் வீட்டுக்காரன் வால்ட்டருடையது. பிடில் வாசிக்கிறவனுக்கு டை கழுத்தில் இடிக்கும் என்று எனக்குக் கட்டிவிட்டான்.

மூல டேப் போன இடம் தெரியவில்லை. நல்ல நிலையில் ஒரு தட்டு கிடைத்தால் அதிலிருந்தே எடுத்துவிடலாமாம். அவளிடம் இருப்பதில் மூன்றாவது பாட்டு மட்டும் தாண்டுகிறது. "உங்ககிட்ட இருக்கிறதை போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

ஜனவரி 15

போட்டுப் பார்த்தேன். தாண்டுகிறது.

எங்கே தாண்டுகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். மூன்றாவது பாட்டின் நடுவில் வால்ட்டர் "ஹோப்!" என்று கத்துவான். உடனே பிடில், அக்கார்டியன், டிரம் எல்லாம் நின்றுவிடும். என் சிம்பலி மட்டும், பெட்டி நிறையக் கம்பி, தட்ட இரண்டு குச்சி, தனியாக. அந்தத் தனி வாசிப்புக்காக நான் போட்ட சண்டை கொஞ்சமா? "பொண்ணு தனியா தட்டுறதை யாரு கேப்பா?" என்று அக்கார்டியன் நெஸ்டர் முறுக்கிக்கொண்டு நின்றான். வால்ட்டர்தான் எனக்காகப் பேசினான். வாழ்நாளில் நான் தனியாக வாசித்துப் பதிவானது அது ஒன்றுதான்.

இப்போது "ஹோப்!" என்ற சத்தம் வருகிறது, முள் ஒரு துள்ளு துள்ளுகிறது, நேராக அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. நான் அந்தப் பாட்டில் இல்லவே இல்லை.

காரணம் தெரிந்ததுதான். "ஹோப்!" என்றால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தரையை மிதிப்பார்கள். எல்லாம் பலகைத் தரை. முள் குதிக்கும். குதிக்காமல் இருக்க முள்ளின் தலையில் ஐந்து சென்ட் நாணயத்தை ஒட்டிவைத்தார்கள் புத்திசாலிகள். அது இன்னும் ஆழமாகத் தோண்டியது. எங்கள் வீட்டில் தோண்டியது வால்ட்டரின் பூட்ஸ். அவனை இப்போது கேட்கவும் முடியாது, எட்டு வருஷமாகக் கல்லறையில் நிம்மதியாகப் படுத்திருக்கிறான்.

ஜனவரி 19

முதியோர் இல்லத்துக்குப் போய் நெஸ்டரிடம் கேட்டேன். அவனுடைய தட்டு பேரப்பிள்ளைகளிடம் போய் எங்கோ உடைந்துவிட்டது.

"உன் தனி வாசிப்பா? அப்படி ஒண்ணு இருந்துச்சா என்ன?"

"நெஸ்டர், விளையாடாதே."

"நீ சொல்றதை ஐம்பது வருஷமா கேக்குறேன் ஸ்டெஃபி. கீறல் விழுந்த ரெக்கார்டு நீதான்."

கொண்டுபோன பெரோகியைத் திருப்பி எடுத்துவந்திருக்க வேண்டும். அதற்குள் தின்றுவிட்டான்.

பிப்ரவரி 2

ஊரில் தட்டு வைத்திருந்த எல்லா வீட்டுக்கும் போய்வந்தேன். எல்லா வீட்டிலும் காபி. எல்லா வீட்டிலும் அதே கீறல். ஸ்டெல்லாவின் தட்டில் கூடுதலாக ஜாம். அவள் மகனுக்கு நாற்பது வயது, அந்தப் பாட்டுக்குப் பிறந்ததிலிருந்து ஆடுகிறவன், "அதுல நடுவுல வேற ஏதாவது வருமா ஆன்ட்டி?" என்று கேட்கிறான். அடப் பாவிகளா. ஆடி ஆடியே என்னை அழிச்சிட்டீங்களேடா!

பிப்ரவரி 10

மெரடித் மறுபடி போன். மார்ச் கடைசியில் அச்சுக்குப் போகவேண்டுமாம். நல்ல தட்டு கிடைக்காவிட்டால் மூன்றாவது பாட்டையே விட்டுவிடுவார்கள். "இல்லேன்னா நீங்க இப்ப வாசிச்சுத் தந்தா நடுவுல ஒட்டிடலாம்" என்றாள் பாவம், நல்ல மனதோடு.

இருபத்திரண்டு வயசுக் கையை எங்கேயிருந்து கொண்டு வர்றது? சரி, முயற்சி பண்ணிப் பார்ப்போம் என்று சிம்பலியைத் துடைத்து உட்கார்ந்தேன். பாதி வரை போகிறது. அப்புறம்? அப்புறம் என்ன வரும்? கை அந்தரத்தில் நிற்கிறது. நானே மறந்துட்டேன். எனக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியப் போகுது?

அழுகை வந்தது. பிறகு பசி வந்தது.

பிப்ரவரி 21

பாத்திரம் கழுவும்போது உதித்தது: தட்டு கெட்டது ஆடியதால். அப்படியானால் ஆடாத வீட்டில் நல்ல தட்டு இருக்கவேண்டும்!

நெஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நம்ம உக்ரைன்காரங்க ஊர்ல ஆடாத வீடா? பூட்டிக்கிடந்தா உண்டு."

வாயை மூடு என்றேன். ஆனால் அவன் சொன்னது சரிதான்.

மார்ச் 5

வாங்கிய சாமானைக்கூட எடுத்துவைக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

கூட்டுறவுக் கடையில் பணம் கட்ட வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் யாரோ மெல்ல விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் காதில் ஏறவில்லை. அப்புறம் என் விரல்கள் வண்டியின் கைப்பிடியில் தானாகவே தட்ட ஆரம்பித்தன. என் வாசிப்பு. நான் மறந்துபோன பாதியும் சேர்த்து! கடைசிவரை!

திரும்பினேன். ஜேக் பென்னர். ஆறடிக்கு மேல் உயரம், கையில் முட்டைக்கோஸ். மெனனைட் கிறிஸ்தவ சபைக்காரர். அவர்கள் சபையில் நடனம் கூடாது, நடன இசையும் கூடாது. முப்பது வருஷமாக எனக்கு முட்டை தருகிறவர், வானிலை தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

"பென்னர், அது என்ன பாட்டு?"

காதுவரை சிவந்துவிட்டார். "அது... துதிப்பாட்டுங்க."

"எந்த சபையில அப்படித் துதிக்கிறாங்க? நானும் வர்றேன்."

முட்டைக்கோஸை மிட்டாய் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மனிதர் ஓடியே போனார்.

மார்ச் 6

வந்தார். கையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் இசைத்தட்டு அட்டை. உள்ளே இருந்தது நாங்கள்.

"பால் கறக்கிற கொட்டகையில போட்டுக் கேப்பேன்" என்றார் தொப்பியைப் பிசைந்துகொண்டு. "இசை கேட்டா மாடு நல்லாக் கறக்கும்னு என் வீட்டுக்காரி டீனாகிட்ட சொல்லியிருந்தேன்."

"அவங்க நம்பினாங்களா?"

"அவளும் கொட்டகைக்கு வந்து நிப்பா. ஒண்ணும் சொல்லமாட்டா."

டீனா போய் மூன்று வருஷம்.

"முள்ளு ஒரு தடவைகூட குதிச்சதில்லையா?"

"சிமெண்டுத் தரைங்க. மாடும் ஆடாது."

போட்டோம். வால்ட்டர் "ஹோப்!" என்றான். முள் அசையவில்லை. பிறகு நான் வந்தேன். எவ்வளவு வேகம்! எவ்வளவு திமிர்! நடுவில் ஒரு இடத்தில் குச்சி தவறி வேறு கம்பியில் பட்டிருக்கிறது, அதைக்கூட நிறுத்தாமல் தாண்டிப் போகிறாள் அந்தப் பெண். மாவுக் கையோடு அழுதேன். பென்னர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் தப்பு விழுற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

தட்டை மெரடித்துக்குத் தர சம்மதம். அட்டையில் தன் பெயர் மட்டும் வரக்கூடாதாம். சபையில் கேள்வி வரும்.

மார்ச் 9

மெரடித் தானே காரோட்டி வந்து வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளையைப் போல மடியில் வைத்துப் பார்த்தாள். பெரோகி இரண்டு தட்டு சாப்பிட்டாள். நல்ல பெண்.

செப்டம்பர் 28

புதுத் தட்டு வெளியீடு, ஊர் மண்டபத்தில். முட்டைக்கோஸ் உருண்டை செய்து செய்து கை வீங்கிவிட்டது.

மூன்றாவது பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். "ஹோப்!" தரை அதிர்ந்தது. நல்லவேளை, மெரடித் பிளேயரை வெளியே வேனுக்குள் வைத்திருந்தாள். வழக்கம்போல அத்தனை பேரும் அடுத்த அடிக்குப் பாய்ந்தார்கள். அடுத்த அடி வரவில்லை. என் சிம்பலி வந்தது! மண்டபமே ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டது. ஸ்டெல்லாவின் மகன் கேக் மேஜையில் போய் விழுந்தான். அப்புறம் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்கள். நான் கேட்டதை விட அவர்கள் கேட்டதைப் பார்த்ததுதான் சுகம்.

நெஸ்டர் சக்கர நாற்காலியில் பக்கத்தில் வந்தான். "ஸ்டெஃபி."

"என்ன?"

"இது இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னான். போதும்.

அட்டையின் பின்பக்கம், கடைசி வரி: 'நன்றி: ஆடாத மாடுகளுக்கு.' ஊரில் ஒருவருக்கும் புரியவில்லை. பென்னர் உள்ளே வரவில்லை. வாசலில் தன் லாரியில், குளிரில், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பாட்டுத் தட்டு, இசைத்தட்டு இரண்டும்.

அக்டோபர் 19

முட்டை கொண்டுவந்த பென்னர் போகவில்லை. காபி குடித்தார். இன்னொரு காபி குடித்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த ஹோப்னு வர்ற இடத்துல, எல்லாரும் என்னதான் பண்ணுவாங்க?"

"காலைத் தட்டணும்."

"எப்படி?"

எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

அக்டோபர் 20

புதுத் தட்டு தாண்டுகிறது. மூன்றாவது பாட்டு, அதே இடம். அந்த மனிதர் போட்டிருந்தது கொட்டகை பூட்ஸ் அல்லவா.

மெரடித்துக்குப் போன் போட்டு, இன்னொரு தட்டு அனுப்பச் சொன்னேன். போனை வைக்கும் முன், ரெண்டா அனுப்பிடும்மா என்றேன்.