நின்றபடியே திரும்பிய பெரியவர்கள்

ஹிதார் மாதம் 9
போனில் வந்த படத்தில் வொர்க்னே மறுபடியும் ஏதோ மாநாட்டு மேடையில் நிற்கிறான். நான் உட்கார்ந்திருக்க வேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் இருப்பவன். படத்துக்குப் பாராட்டுச் சொன்னவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். பாதிப்பேர் என் மாணவர்கள். காப்பி ஆறிவிட்டது. நாளை மகள் மாஹ்லெத்தைப் பெண் கேட்டு வருகிறார்கள் என்று மனைவி ஆஸ்னாகெச் சொன்னாளாம். இரண்டாம் முறை கத்தியபோதுதான் காதில் விழுந்தது.

ஹிதார் 10
என்ன செய்துவிட்டேன்?

மாப்பிள்ளைப் பையன் யாரெத்துக்காக மூன்று பெரியவர்கள், வெள்ளைப் போர்வையோடு, கூடத்தில் வந்து நின்றார்கள். பெண்ணைப் பெற்றவன் உட்காரச் சொல்லும்வரை நிற்பார்கள். சொல்லாவிட்டால் பெண் இல்லை என்று அர்த்தம். எனக்கா தெரியாது? வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறேன். மூத்தவர் அவ்லாச்சு பேசத் தொடங்கினார். கையில் போன் அதிர்ந்தது. வொர்க்னேயின் புத்தகம் வருகிறதாம். அந்த ஆய்வு என்னுடையது — என்னுடையது — நிமிர்ந்தபோது கூடத்தில் யாருமில்லை.

"அவங்க உங்க போனைப் பொண்ணு கேட்டு வந்திருந்தா இந்நேரம் நிச்சயமே ஆயிருக்கும்" என்றாள் ஆஸ்னாகெச். மாஹ்லெத் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹிதார் 13
மூச்சைக் கவனிக்கக் கற்றுத்தரும் செயலி ஒன்றை இறக்கினேன். கண்ணை மூடு என்றது. மூடினேன். உள்ளே வொர்க்னே. இன்று இன்னும் அமைதியாக உட்காரவில்லை என்று மணியடித்து நினைவூட்டுகிறது. உட்கார விடுகிறதா, சனியன்?

ஹிதார் 14
எல்லோரும் சேர்ந்து உண்ணும் பொதுத்தட்டில் மகள் கைவைக்கவில்லை. தன் பங்கு இஞ்சேரா அப்பத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

ஹிதார் 17
செயலியை அழித்தேன். போனை மாவுப் பீப்பாய்க்குள் வைத்து மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். புளிப்பு. காரம். மெல்லுவதை மட்டும் கவனி. நாலு வாய் தாண்டவில்லை, கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. எழுந்து போய்ப் பீப்பாயிலிருந்து போனை மாவோடு வெளியே எடுத்தேன். வெட்கம்.

ஹிதார் 21
மரியாள் திருநாள். கோயில் வாசலில் அவ்லாச்சுவைத் தேடிப் பிடித்தேன். பெண்ணைப் பெற்றவன் தேடிப் போவது எங்கள் வழக்கமில்லை. போனேன். போன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், மறுப்பு இல்லை என்றேன்.

"படிச்சவரு இதைவிட நல்ல சாக்கா சொல்லுவாருன்னு நெனச்சேன், வாத்தியாரே" என்றார். பிறகு, பெண் அழுகிறாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்.

ஹிதார் 27
வந்தார்கள். வாய் திறக்குமுன்பே உட்காரச் சொல்லிவிட்டேன். அவசரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒரு சொல் விடாமல் கேட்டேன். யாரெத்துக்குத் தூரத்துத் திரே தாவா நகரில் வேலையாம், கல்யாணம் முடிந்ததும் இவளை அங்கே கூட்டிப்போகிறானாம். எனக்கு மட்டும் அது புதுச் செய்தி.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த மாஹ்லெத்தைப் பார்த்தேன்.

"மழைக்காலத்துலயே சொன்னேன்ப்பா. நீங்க 'ம்ம்'னீங்க."

பெரியவர்கள் காத்திருந்தார்கள். சரி என்றேன், வாய்விட்டு.

வொர்க்னேயை மன்னிக்கவில்லை. பெரியவர்கள் போனபின், போனைத் தொடாமல், மகள் கோப்பை கழுவும் சத்தம் நிற்கும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.