வெளிர்பச்சைக்குள் நம் வீடு

அன்புள்ள பெரியவனுக்கு,

நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரி எழுத வேண்டும், எழுதினால் பொய், அதனால் விட்டுவிட்டேன். போனில் சொன்னால் ஒரு காதில் என்னையும் இன்னொரு காதில் ஆபீஸையும் வைத்துக்கொண்டு ம் கொட்டுவாய், அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். கழுத்து வலி எப்படி இருக்கிறது, நாற்காலியை மாற்றச் சொன்னேனே மாற்றினாயா, மாற்றியிருக்க மாட்டாய்.

பல்கலைக்கழக வளாகத்தை மாற்றிக் கட்டப்போகிற திட்டம்தான் இப்போது இங்கே எல்லார் வாயிலும். போன மாதம் அதன் மாதிரியைச் செய்து கண்ணாடிப் பெட்டியில் போட்டு லைப்ரரியில் என் கவுண்டருக்கு நேர் எதிரே வைத்துவிட்டார்கள், நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறேன். கார் நிறுத்துகிற பொட்டல் எல்லாம் மரமாம், பழைய விடுதிகளில் கீழே கடைகள், மேலே குடும்பங்களுக்கு வீடு, ஒரு டாக்டர், குழந்தைகள் காப்பகம், கார்கள் வெளிச்சுவரோடு நின்றுவிடும், உள்ளே நடையும் சைக்கிளும்தான். கெட்ட திட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. லீவு விட்டால் இங்கே ஈ காக்கா இருக்காது, ஒரு தலைவலி மாத்திரைக்குப் பஸ் ஏற வேண்டும், அந்த லட்சணத்தில் உங்களை வளர்த்தவள் நான். நல்லது வருகிற நேரத்தில் நாம் அதற்குள் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஊழியர் குடியிருப்பில் நம் வரிசை வீடுகள் இருக்கிற இடத்தில் அந்தப் பெட்டிக்குள் ஒரு புல்வெளி, அதில் முகமே இல்லாத பிளாஸ்டிக் ஆள் ஒருத்தன் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நாய் நிற்பது நம் சமையலறையில்.

எப்படி இப்படி ஆனது என்று உனக்குத் தெரியாது, அப்பா சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மாதிரி வருவதற்கு முன்னால் வெறும் வரைபடம்தான் ஒட்டினார்கள், நம் வரிசைமேல் பச்சை அடித்திருந்தது, வீடு இடிபடுகிறவர்கள் மாற்று வீடு கேட்டுக் கெடுவுக்குள் மனுக் கொடுக்கலாம் என்று கீழே எழுதியிருந்தது. அப்பா உனக்குப் போன் போட்டுக் கேட்டார். பச்சைன்னா எதையும் தொட மாட்டாங்கப்பா, அப்படியே விட்டுடுவாங்க என்றாய். மனுஷர் அதோடு விடாமல் படம் பிடித்தும் அனுப்பினார், நீ பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். நகரங்களுக்கே வரைபடம் போடுகிற பிள்ளை சொன்னால் அவருக்கு வேதவாக்கு, வீடு வீடாகப் போய் நாம பச்சையில இருக்கோம், மனு கினு ஒண்ணும் வேணாம் என்று சொல்லிவிட்டு வந்தார். மாதிரி வந்த பிறகுதான் தெரிந்தது, அப்படியே விடுகிற இடம் கரும்பச்சையாம், அது ஏற்கெனவே இருக்கிற மரங்கள். நம்முடையது வெளிர்பச்சை, இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகப் பூங்கா போடுகிற இடம். அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். தண்ணீர்த்தொட்டிப் பக்கத்து வரிசையும் இடிபடுகிறதுதான், அவர்கள் மனுக் கொடுத்தார்கள், புதுக் கட்டிடத்தில் அவர்களுக்கு வீடு உண்டு. நம் வரிசையில் ஒருத்தரும் கொடுக்கவில்லை, கெடு முடிந்துவிட்டது, வெளியே எங்கேயாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நம் வரிசை எலக்ட்ரீஷியன் வீட்டம்மா என்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, அவள் பெண் காது கேளாத பிள்ளைகளுக்கான வகுப்புக்கு இங்கிருந்துதான் தனியாக நடந்து போய் வருகிறது, வெளியே போனால் யார் கூட்டிக்கொண்டு வருவது. விடுதி வாட்ச்மேன் அப்பாவை நடுவழியில் நிறுத்தி, உங்க பச்சை எப்படி சார் இருக்கு என்று கேட்டிருக்கிறார். இவர் என்ன சொன்னார் தெரியுமா, நான்தான் சரியா பாக்காம சொல்லிட்டேன் என்றாராம். யாரிடமும் உன் பேரை எடுக்கவே இல்லை. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் வீட்டை இரண்டாக்குகிற மனுஷர், இப்போது பால் வாங்கக்கூட லைப்ரரிக்குப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு போகிறார். எனக்கு அவர்மேல் கோபம், உன்மேல் அதைவிடக் கோபம்.

மாதக் கடைசியில் திட்டக் கமிட்டி ஒருமுறை கூடுகிறது, அதுதான் கடைசி. திட்டம் போட்ட ஆர்க்கிடெக்ட் அம்மா புத்தகம் எடுக்க வந்தபோது பிடித்துக்கொண்டேன். தெரியாம இருந்துட்டோம்னு எல்லாரும்தான் சொல்வாங்க, விஷயம் தெரிஞ்சவர் யாராவது தப்பா சொல்லி அதை நம்பியிருந்தீங்கன்னா அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், வரிசை முழுக்க மறுபடி மனு வாங்கச் சொல்லிப் பாக்கறேன் என்றாள். யார் அவர் என்றும் கேட்டாள். உங்கள் தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாமே, அதனால் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், அவனை இதுல இழுக்காதே, வேலை பாக்குற இடத்துல அவனை எவன் மதிப்பான், வீடு போனா போகுது என்று கத்தினார். நம் வீடு மட்டும் போவதாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன்.

அதனால் நீ எழுது. சுற்றி வளைக்காமல், நான்தான் சொன்னேன், படத்தைச் சரியாகப் பார்க்காமல் சொன்னேன் என்று எழுது. உன் முழுப் பேரும் நீ செய்கிற வேலையும் அதில் இருக்கட்டும். உனக்குத் தலைகுனிவாக இருக்கும், தெரிந்துதான் கேட்கிறேன், பெற்றவளுக்கு இதைக் கேட்க எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், என் ஆசீர்வாதம் என்றும் உண்டு. மருமகளைக் கேட்டதாகச் சொல். எழுதியதை என் லைப்ரரி மெயிலுக்கு அனுப்பு. அனுப்புவதற்கு முன்னால் அப்பாவிடம் கேட்காதே, வேண்டாம் என்றுதான் சொல்வார்.

இப்படிக்கு,
உன் அம்மா