புளிக்காத கம்மங்கூழ்

இன்று காலை நம் மருந்துக் கடையில், வயிற்றுக்கு நல்ல கிருமிகளை அடைத்த புரோபயாடிக் கேப்ஸ்யூல் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். உள்ளே ஓர் அட்டை நசுங்கி, மாவு கொட்டிக் கிடந்தது. விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தால் லேசான புளிப்பு. அந்த நேரம் பார்த்து, பக்கத்து ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் பெண் வந்து, "ஏனுங்க சார், இது வாங்கறதுங்களா, இல்ல தயிரே சாப்ட்டாப் போதுங்களா?" என்று கேட்டாள். இதற்குப் பதில் சொல்வது உன் வேலையாக இருந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டதால் நானே சொன்னேன். வயிற்றுக்குப் பெரிய கோளாறு இல்லையென்றால் வீட்டுத் தயிரே போதும், டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் இதை வாங்குங்கள் என்றேன். நீ சொல்வதில் பாதிகூட எனக்குச் சொல்ல வரவில்லை.

பார்மசி படித்த கையோடு பீளமேட்டில் நாம் இருவரும் சேர்ந்து போட்ட கடை இது. இருபத்தாறு வருடம் ஒரே மேஜைக்குப் பின்னால் நின்றோம். பேச்சு உன்னுடையது, அலமாரி என்னுடையது. வயிற்றுப்போக்குக்கு வாங்கிப் போன புரோபயாடிக் பொடியைக் கொதிக்கும் காப்பியில் கலக்கிக் குடித்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று ஒரு மில்காரர் சண்டைக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? நான் முறைத்தேன். நீ அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாய். "அதுக்குள்ள இருக்கறதெல்லாம் உசுருங்ண்ணா. கொதிக்கற காப்பில போட்டா நீங்களே பொழைப்பீங்களா?" என்றாய். மனிதர் சிரித்துவிட்டார்.

நீ அந்த டப்பாக்களை விற்பாயே தவிரத் தொட்டதில்லை. தினமும் பதினொரு மணிக்கு, மருந்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்று ஒரு தூக்குப்போசிக் கம்மங்கூழ். முந்தின நாளே காய்ச்சி, இரவெல்லாம் புளிக்க விட்டு, மோர் ஊற்றிக் கரைத்தது. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். வாடிக்கையாளர் வருகிற நேரத்தில் இதென்ன வாசனை என்று நான் சிடுசிடுப்பேன். "நீ டப்பால வாங்கற, நா சட்டில வளக்கறேன். அவ்வளவுதான்டா வித்தியாசம்," என்பாய்.

பிறகு உனக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். சிகிச்சை தொடங்கிய பின் வெள்ளையணுக்கள் மளமளவென்று இறங்கின. தயிர், மோர், பச்சை வெங்காயம், புளித்தது எதுவும் கூடாது, புரோபயாடிக் மாத்திரைகூடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏன் என்று உனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "காவலுக்கு ஆளில்லாத ஊட்டுல நல்ல கிருமி என்ன, கெட்ட கிருமி என்ன," என்று நீயே சொன்னாய். அத்தனை தெரிந்தவன், ஒரு வாரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு டம்ளர் கம்மங்கூழ் கொண்டாந்து குடுத்துர்றா. வேற எதுவும் எறங்க மாட்டீங்குது," என்றாய்.

முடியாது என்றேன். மறுநாளும் கேட்டாய், மறுநாளும் முடியாது என்றேன். நீ சாப்பாட்டையே நிறுத்திவிட்டாய். இப்படியே போனால் அடுத்த தவணை மருந்தை உடம்பு தாங்காது என்று டாக்டர் உன் மனைவியிடம் சொல்லியிருந்தார். புளித்ததைக் கொடுத்தால் காய்ச்சல் வந்து போய்விடுவாய். கொடுக்காவிட்டால் பட்டினியில் போய்விடுவாய். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் வீட்டில் அன்றன்று காலையில் கம்பு மாவைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆறவைத்த கொதிநீரில் கரைத்து, புளிப்புக்கு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். வார்டு வாசலில் உன் மனைவியிடம் மட்டும், "புளிக்க வெக்கலம்மணி, பயப்படாத. அவன்கிட்டச் சொல்லிப்போடாத," என்றேன். உன்னிடம் நேற்றே காய்ச்சிப் புளிக்க வைத்தது என்று பொய் சொன்னேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, முழு டம்ளரையும் குடித்தாய். "அருமையாப் புளிச்சிருக்குதுடா," என்றாய். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒன்பது நாள் கொண்டுவந்தேன். ஒன்பது நாளும் குடித்தாய். பத்தாம் நாள் நெஞ்சில் சளி கட்டி, ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து நீ திரும்பவில்லை. அழுகைக்கு நடுவிலும், ஆசைப்பட்டதைக் கெடுதல் இல்லாமல் கொடுத்தோம் என்ற ஒரு திருப்தி எனக்குள் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை மாதம் கடையைத் திறந்தேன்.

போன வாரம் உன் மனைவி பிரஷர் மாத்திரை வாங்க வந்தாள். பேச்சு எப்படியோ கூழுக்குப் போயிற்று. நீ கடைசிவரை அதைப் புளிக்க வைத்த கூழென்றே நம்பினாய் என்று நான் சொன்னேன். அவள் மாத்திரையைப் பைக்குள் போட்டாள்.

"அவருக்கு மொதல் நாளே தெரியுமுங்ண்ணா. எலுமிச்சம்பழம்னு ஒரே வாய்ல கண்டுபுடிச்சுட்டாருங்க. வாயெல்லாம் புண்ணுங்களா, பட்டா எரிச்சல்ல கண்ணுல தண்ணி ஊத்தும். வேண்டாம்னு சொல்லிப்போடுங்கன்னு நானும் சொன்னேனுங்க. கேக்கல. 'அவன் காலைல எந்திரிச்சுக் காச்சி, பஸ் ஏறிக் கொண்டாறான். நாங் குடிச்சாத்தா அவனுக்கு நிம்மதி'ன்னாருங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு."

உனக்கு ஏற்றிய மருந்து வாயைப் புண்ணாக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அதே சிகிச்சையில் இருந்த எத்தனையோ பேருக்கு, புளிப்பும் காரமும் ஆகாது என்று நானே சொல்லி மருந்து கொடுத்திருக்கிறேன். உன் விஷயத்தில் கிருமியை மட்டும் பார்த்தேன், வாயைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. உன் மேல் கோபமாகவும் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எலுமிச்சை பிழியாமல் விட்டிருப்பேன்.

இப்போது அந்தச் சிகிச்சைச் சீட்டோடு யார் வந்தாலும், மருந்தை எடுப்பதற்கு முன்னால், "வாய்ல புண்ணு இருக்குதுங்களா?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். நான் நம்புவதில்லை. வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன்.