ஏப்ரல் மாதத்துப் பனி

சூரிக்,
11 ஜனவரி 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

ரமேஷ் எழுதுவது. நான், மாலா, வைஷ்ணவி மூவரும் நலம். டெல்லியில் மூடுபனி, ரயிலெல்லாம் தாமதம் என்று செய்தியில் பார்த்தோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன் செய்தால் "ஹலோ, சத்தமாப் பேசு" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. பீரங்கிச் சத்தத்தில் போன காதைக் குறை சொல்லி என்ன பயன்? மந்திர் மார்க் பள்ளியில் படித்த தமிழ் கடிதம் எழுதவாவது உதவட்டும்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கோல் மார்க்கெட் மாடி அறையில் நீங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, இந்த வயதில் செக்யூரிட்டி டியூட்டிக்குப் போவதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏப்ரல் கடைசியில் வைஷ்ணவிக்கு விடுமுறை. ஆல்ப்ஸ் மலையில் ஒரு வாரம் பனிச்சறுக்குக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நீங்கள் வந்தே ஆக வேண்டும். ஒளிக்காமல் சொல்கிறேன், இது விடுமுறைக்கு மட்டும் அல்ல. வந்து பாருங்கள். பிடித்திருந்தால் எங்களோடேயே இருந்துவிடுங்கள்.

எங்கே போவது என்று நீங்கள்தான் முடிவு செய்யப் போகிறீர்கள். சீசன் முடிகிற நேரம் என்பதால் பார்த்து எடுக்க வேண்டும். ட்சர்மட், சாஸ்-ஃபே, கிரின்டெல்வால்ட் என்று மூன்று ஊர்களின் விளம்பரப் புத்தகங்களை அனுப்பியிருக்கிறேன். நம் குடும்பத்தில் பனி தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே. வெள்ளை உடையில், கறுப்புக் கண்ணாடியோடு, சறுக்குப் பலகை மேல் நின்று நீங்கள் சிரிக்கிற சியாச்சின் போட்டோவை வைஷ்ணவி வகுப்புக்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். பனியை வாரி டின் பாலில் குழைத்துச் சாப்பிட்ட கதையை நீங்கள் எனக்குச் சொன்னது போலவே அவளுக்கும் சொல்லியிருக்கிறேன். தாத்தாதான் சறுக்கக் கற்றுத் தர வேண்டுமாம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ரமேஷ்

----

புது டெல்லி,
2 பிப்ரவரி 2004

அன்பு மகன் ரமேஷுக்கு அப்பாவின் ஆசிகள்.

உன் கடிதமும் மூன்று புத்தகங்களும் வந்தன. மூன்றிலும் ஒரே மாதிரி சிரிக்கிற ஒரே பெண். அவள் பல்லைப் பார்த்து ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான் நலம். வெந்நீர் கீஸர் கெட்டுப் பத்து நாள் ஆகிறது. கேட்டால் வீட்டுக்கார சர்தார்ஜி "அச்சா, அச்சா" என்கிறார், அதோடு சரி. கீழ்வீட்டுக் கல்யாணராமன் ரசம் கொடுத்தனுப்புகிறார். உன் அம்மா வைத்தது போல இல்லை என்று அவரிடம் சொல்ல முடியுமா? வாங்கிக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்கிறேன்.

அங்கே வருவதில் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. வைஷ்ணவியைக் கடைசியாகப் பார்த்தது உன் அம்மாவின் காரியத்தின் போது. அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவளோடு நான்கு நாள் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஊர் விஷயமாகச் சில விவரம் வேண்டும். எந்த ஊர் எவ்வளவு உயரம்? சறுக்குகிற சரிவுகள் எந்தத் திசை பார்த்தவை, எத்தனை மணிக்கு வெயில் படும்? தங்குகிற வீட்டுக்கு மேலே செங்குத்தான சரிவு உண்டா? இதையெல்லாம் விசாரித்து எழுது.

அன்புடன்,
அப்பா

----

சூரிக்,
19 பிப்ரவரி 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கேள்விகளை மாலாவுக்குப் படித்துக் காட்டினேன். "இவ்வளவு விவரமா யாரும் கேட்டதில்ல, மாமா உற்சாகமாயிட்டார்" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அம்மா போனபின் நீங்கள் எதையும் இப்படி விசாரித்ததில்லை.

கிரின்டெல்வால்ட் ஆயிரம் மீட்டர் சொச்சம். ட்சர்மட் ஆயிரத்து அறுநூறு. சாஸ்-ஃபே ஆயிரத்து எண்ணூறு, அதற்கு மேலே பெரிய பனியாறு இருக்கிறது. வெயில் விவரத்தைச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எல்லா ஊரிலும் நல்ல வெயில் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

உங்கள் பூட்ஸ் அளவு எழுதுங்கள். இடது காலில் இரண்டு விரல் இல்லாததற்கு உள்ளே பஞ்சு வைத்துச் சரிசெய்து தருவார்களாம். "ரெண்டு விரலை கவர்மென்ட்டுக்குக் கடன் குடுத்திருக்கேன்" என்று நீங்கள் சொல்வதைச் சொன்னதும் வைஷ்ணவி சிரித்துச் சிரித்து விழுந்தாள். சீக்கிரம் ஊரைச் சொல்லுங்கள். இடம் பிடிக்க வேண்டும்.

அன்பு மகன்,
ரமேஷ்

----

புது டெல்லி,
4 மார்ச் 2004

அன்பு மகன் ரமேஷுக்கு,

யோசித்துப் பார்த்தேன். கிரின்டெல்வால்டுக்கே போகலாம். ரயில் ஊருக்குள்ளேயே போகிறது, பெட்டி தூக்கி அலைய வேண்டாம். உயரம் குறைவு, மூச்சு வாங்காது. பிள்ளை ஓடியாட அகலமான வெளி இருக்கிறது. ஹிந்திப் படத்தில் கதாநாயகி மெல்லிய புடவையோடு ஆடுகிற இடமெல்லாம் இந்த மாதிரி ஊர்தான், குளிர் அவ்வளவு இருக்காது என்று கல்யாணராமனும் சொல்கிறார். வேறு யோசனை வேண்டாம், இடம் பிடித்துவிடு.

ஆபீஸில் சொல்லிவிட்டேன். ஏப்ரல் பாதியிலிருந்து வேறு சூப்பர்வைசரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "சாப், திரும்பி வருவீங்களா?" என்று காவல்காரப் பையன்கள் கேட்டார்கள். பேத்தி விட்டால் வருகிறேன் என்றேன். அப்படிச் சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் அம்மாவின் புடவைகளை என்ன செய்வது என்று மாலாவைக் கேட்டு எழுது.

பூட்ஸ் எதுவும் வேண்டாம்.

அப்பா

----

சூரிக்,
29 மார்ச் 2004

அப்பாவுக்கு,

கிரின்டெல்வால்டில் நான் பிடித்த இடத்தை நேற்று விட்டுவிட்டேன். மாலாவின் அலுவலகத்தில் ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். ஏப்ரல் கடைசியில் அந்த ஊரில் புல்தான் இருக்கும், மாடு மேய்க்கலாம், சறுக்க முடியாது என்றாராம். வைஷ்ணவி ஒரு மாலை முழுவதும் அழுதாள்.

எனக்குத் தெரியாது, நான் கணினியைக் கட்டிக்கொண்டு அழுகிறவன். ஆனால் குல்மர்க்கில் ராணுவப் பயிற்சி பெற்று, சியாச்சினில் இருந்துவிட்டு வந்த உங்களுக்குத் தெரியாதா? உயரத்தைக் கேட்டீர்கள், வெயிலைக் கேட்டீர்கள். பனி இல்லாத ஊர் எது என்று தேடத்தான் கேட்டீர்கள் போலிருக்கிறது.

வருவதற்கு விருப்பமில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். எங்களோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றாலும் சொல்லலாம். குழந்தையை ஏன் ஏமாற்ற வேண்டும்? அம்மா இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

சாஸ்-ஃபேயில் இடம் பிடித்திருக்கிறேன். பதினேழாம் தேதி உங்கள் விமானம். இந்த முறை வராவிட்டால் நான் மறுபடி கூப்பிடப் போவதில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்ற உண்மையை மட்டும் எழுதுங்கள்.

ரமேஷ்

----

புது டெல்லி,
7 ஏப்ரல் 2004

அன்பு மகன் ரமேஷுக்கு,

நீ நினைத்தது சரி. தெரிந்துதான் அந்த ஊரைச் சொன்னேன். ஆனால் வரக்கூடாது என்று சொல்லவில்லை. வைஷ்ணவியோடு புல்லில் உட்கார வேண்டும் என்றுதான் சொன்னேன்.

உண்மையைக் கேட்டாய். உன் அம்மாவுக்குக்கூட நான் சொல்லாதது. அவளைப் பயமுறுத்தக்கூடாது என்றுதான் டின் பால் கதையெல்லாம். சியாச்சினில் மேலே இருந்த நாங்கள் எல்லோருமே வீட்டுக்கு இப்படி ஒரு கதை வைத்திருந்தோம். லீவில் வந்து திரும்பத் திரும்பச் சொல்லி, நீயும் அதை நம்பி வளர்ந்துவிட்டாய். உன் மேல் தப்பு இல்லை.

அங்கே என்னோடு இருந்த சிப்பாய், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பையன் குழந்தைசாமி. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அதுவும் ஏப்ரல் மாதம். குளிர் விட்டுவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். மத்தியானம் வெயில் ஏறியபின் மேல் சரிவு மொத்தமும் பெயர்ந்து வந்து, ரேஷன் தூக்கிக்கொண்டு போன அவனையும் இன்னும் மூன்று பேரையும் மூடிவிட்டது. சறுக்கத் தெரிந்தவர்களைத் தேட அனுப்பினார்கள். அதற்குத்தான் எங்களுக்குக் குல்மர்க்கில் கற்றுக்கொடுத்தது. வரிசையாக நின்று, ஆளுக்கொரு நீளக் கம்பியைப் பனிக்குள் குத்திக்கொண்டே ஒவ்வோர் அடியாக நகர வேண்டும். பாறையில் பட்டால் ணங்கென்று கையில் தெரியும். பனிக்கட்டியில் பட்டால் கரகரவென்று இருக்கும். ஆள் மேல் பட்டால் சத்தமே இருக்காது, மெத்தென்று நிற்கும். மறுநாள் என் கம்பிதான் அவனைத் தொட்டது.

பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் நான் மெத்தையில் படுப்பதில்லை, பாயைத்தான் விரித்துக்கொள்கிறேன். நீ அனுப்பிய புத்தகத்தில் வெள்ளைச் சரிவில் சிவப்புச் சட்டைக் குழந்தைகள் வரிசையாக நிற்கிறார்கள். அதை நான் பார்த்த விதம் வேறு. அங்கே வந்து நின்றால் என் முகத்தைப் பிள்ளை பார்த்துவிடும்.

சாஸ்-ஃபேக்கு நான் வரவில்லை. நீங்கள் போகக்கூடாது என்று சொல்லவும் இல்லை. அங்கே எல்லாம் கவனித்துத்தான் திறந்து வைத்திருப்பார்கள், நீ படித்தவன், உனக்குத் தெரியும். மத்தியானத்துக்கு முன்பு மட்டும் திரும்பிவிடுங்கள். விடுமுறை முடிந்து நீங்கள் சூரிக் வந்தபின் நான் வருகிறேன். உன்னோடு இருக்க எனக்கு ஆசைதான், ரமேஷ். இதை நம்பு.

அப்பா

----

சூரிக்,
26 ஏப்ரல் 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

கிளம்புவதற்கு முதல் நாள் உங்கள் கடிதம் வந்தது. மாலாவிடம் காட்டவில்லை. அப்பாவுக்குக் கால் வலி, வரவில்லை என்று மட்டும் சொன்னேன். மூன்று பேரும் போனோம்.

முதல் நாள் பதினொரு மணிக்கே எல்லோரையும் இறக்கிக் கூட்டி வந்துவிட்டேன். மற்ற குழந்தைகள் எல்லாம் மேலே இருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் ஆகியும் வைஷ்ணவியின் சறுக்கு வகுப்பு முடியவில்லை. வாத்தியாருக்குப் பின்னால் அவர்கள் வரிசையாக நின்றார்கள், அவளுக்குச் சிவப்புக் கோட்டு. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை அப்பா. அத்தனை பேர் நடுவில் "போதும், எறங்குடி கீழே, எறங்கு" என்று கத்தியபடி போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என்னை அப்படி அவள் பார்த்ததே இல்லை. பயந்துபோய் அங்கேயே ஈரம் பண்ணிக்கொண்டாள். ஒன்பது வயசுப் பெண், எல்லோரும் பார்த்தார்கள். அன்று சாயந்திரமே பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, இனிமேல் பனிக்கே வரமாட்டேன் என்றாள். மறுநாள் திரும்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு மாலா உங்கள் கடிதத்தைப் படித்தாள். அழுதாள். உங்களுக்காகவும்தான் அழுதாள். ஆனால், "மாமா இப்போ இங்க வர வேணாம். குழந்தை மறுபடி சிரிக்கட்டும்" என்கிறாள். நானும் சரி என்றேன். உண்மையை எழுதச் சொன்னவன் நான். அந்தக் கம்பி இப்போது என் கையிலும் இருக்கிறது. நீங்கள் வீட்டில் இருந்தால் நாம் இரண்டு பேரும் அவளைப் பார்க்கிற பார்வையில் அவள் எப்படி வளர்வாள் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

எப்போது வரலாம் என்று நான் எழுதுகிறேன். அதுவரை என்னை மன்னியுங்கள்.

ரமேஷ்

----

புது டெல்லி,
12 மே 2004

அன்பு மகன் ரமேஷுக்கும் மாலாவுக்கும் ஆசிகள்.

மாலா சொன்னதுதான் சரி. என் மேல் வருத்தம் வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடாதீர்கள். ஆபீஸில் போய்ப் பேசினேன். புதிதாக எடுத்தவரை அனுப்ப மாட்டார்கள், எனக்கு இரவு ஷிஃப்ட் கொடுத்திருக்கிறார்கள். இந்த வெயிலுக்கு அதுவும் நல்லதுதான். புடவைகளைப் பற்றி இனி அவசரம் இல்லை.

எனக்கு நீங்கள் எல்லோரும் வேண்டும். அதைச் சொல்லிவிட்டு மேலே எழுதுகிறேன்.

வருகிற டிசம்பரில் வைஷ்ணவியை மறுபடி பனிக்குக் கூட்டிப்போ. தள்ளிப்போடாதே. என்னை மாதிரி அவளும் ஆகக்கூடாது. நீ கீழேயே நில், மாலாவை மேலே அனுப்பு. குல்மர்க்கில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது ஓடுவதை அல்ல, விழுவதை. விழப்போகிறோம் என்று தெரிந்தால் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சரிய வேண்டும். கையை ஊன்றக்கூடாது, மணிக்கட்டு போய்விடும். எழுந்திருக்கும் முன் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பிக்கொள்ள வேண்டும். அவசரமே இல்லை, படுத்தபடி வானத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுக்கூட எழுந்திருக்கலாம். விழுகிற பயம் போனால் அவள் நன்றாகச் சறுக்குவாள். நான் நன்றாகவே சறுக்கியவன்.

இதையெல்லாம் அவளுக்கு மாலா சொல்லட்டும். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அப்பா