வெஸ்லி யார் கணக்கில்

பிப்ரவரி 9

வரிக்கணக்கை இந்த வருடம் லாயிட் என் தலையில் கட்டிவிட்டார். மூன்று பிள்ளைகள் கல்லூரியில் இருக்கும் வீடு இது. படிப்புக்கான வரிச் சலுகை இரண்டு வகையாம். முதலாவது, பிள்ளைக்கு ஒன்று என்று கிடைக்கும், ஆனால் முதல் நான்கு வருடம்தான். மற்றது எத்தனை வருடம் படித்தாலும் உண்டு, ஆனால் குடும்பத்துக்கே ஒன்றுதான். கர்ட் முதல் வருடம், வெஸ்லி மூன்றாவது: அவர்களுக்கு முதல் வகை. பிரிஜெட் நடுவில் பாடத்தை மாற்றிக்கொண்டு ஐந்தாவது வருடத்தில் நிற்கிறாள்: அவளுக்கு இரண்டாவது. ஒரே கணக்கில் இரண்டையும் கேட்கலாமா? கூடாது என்று எங்கோ படித்தேன். ஒரே பிள்ளைக்கு இரண்டும் கூடாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களோ?

வெஸ்லி உங்களுக்கு என்ன உறவு என்று கணினி கேட்டது. என் கணவர் லாயிட்டின் தங்கை ஜோனியின் மகன். ஜோனி இறந்தபோது அவனுக்குப் பதினைந்து. அன்றிலிருந்து இங்கேதான்.

பிப்ரவரி 11

அனுப்பிவிட்டேன். வரியில் திரும்ப வரும் பணம் வந்தால்தான் பிரிஜெட்டின் கடைசிப் பருவக் கட்டணம் கட்ட முடியும்.

பிப்ரவரி 12

வரித் துறையில் கணக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெஸ்லியின் சமூகப் பாதுகாப்பு எண் ஏற்கெனவே வேறொரு கணக்கில் இருக்கிறதாம். யார் கணக்கில்? அதைச் சொல்ல மாட்டார்களாம்.

பிப்ரவரி 13

"வேற யாரு, ரஸ்தான்" என்றார் லாயிட். வெஸ்லியின் அப்பா ரஸ். ஃப்ளோரிடாவில் எங்கோ இருக்கிறார். ஜோனியின் அடக்கத்துக்கே வரவில்லை. லாயிட் போனை எடுத்தார். நான் தடுப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டார்.  பிறகு ரஸ் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"லாயிட், நான் அவன் பிறந்தநாளையே மறந்து போனவன். அவனை என் பிள்ளைன்னு எழுதிக் கொடுக்க எனக்கு ஏது மூஞ்சி?"

லாயிட் போனை வைத்துவிட்டுப் பனி தள்ளப் போனார். வாசலில் தள்ளுவதற்குப் பனியே இல்லை.

ரஸ் இல்லையென்றால் யார்? எவனாவது எண்ணைத் திருடிவிட்டானா?

பிப்ரவரி 20

நூலகத்தில் இலவசமாக வரிக்கணக்கு போட்டுத் தருகிறார்கள். ஹாலோரன் என்ற பெரியவர். இரண்டு சலுகையையும் வேறு வேறு பிள்ளைக்குக் கேட்கலாம் என்றார். அந்தக் குழப்பம் தீர்ந்தது. அடுத்து வெஸ்லி. அவன் விடுதியில்தானே இருக்கிறான், எங்கள் வீட்டுப் பிள்ளை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

"படிக்கப் போன பிள்ளை வீட்லதான் இருக்குன்னு கணக்கும்மா. அவன் சாமான் எங்க இருக்கு, லீவுக்கு எங்க வர்றான்? அதான் வீடு."

பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "பையன் போன வருஷம் எங்கயாவது வேலை பாத்தானா?"

கோடையில் படகுத்துறையில் பார்த்தான்.

"அப்போ முதல்ல அவனையே கேளுங்க."

பிப்ரவரி 21

கேட்கவில்லை. போனில் எப்படிக் கேட்பது? திருடினாயா என்பதுபோல ஆகிவிடாதா?

மார்ச் 7

வெஸ்லி விடுமுறைக்கு வந்திருக்கிறான். தவக்கால வெள்ளி, தேவாலயக் கூடத்தில் மீன் விருந்து. வரிசையில் நிற்கும்போது கேட்டுவிட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் அத்தை. வேலை பார்த்ததுக்கு வரின்னு பிடிச்ச காசு திரும்ப வருமேன்னு போன்லயே கணக்கு போட்டேன். வேற யாராவது உங்களைத் தங்க பொறுப்புல இருக்கறவர்னு கணக்குல காட்ட முடியுமான்னு கேட்டுச்சு. இல்லைன்னு அழுத்திட்டேன்."

"ஏன்டா இல்லைன்னு போட்ட?"

"பதினெட்டு ஆனதும் நீங்க கார்டியன்னு கொடுத்த கோர்ட்டு பேப்பர் முடிஞ்சு போச்சுல்ல. அதுக்கப்புறம் நீங்க என்னை வச்சிருக்கறது... உங்க நல்ல மனசு. அதுக்கு அந்த ஃபாரத்துல கட்டமே இல்லை."

எங்கள் முறை வந்துவிட்டது. பரிமாறுகிறவர் எத்தனை தட்டு என்று கேட்டார்.  லாயிட்தான் பின்னாலிருந்து, "அஞ்சு. ரெண்டு பார்சல், என் மத்த பிள்ளைங்களுக்கு" என்றார்.

மத்த பிள்ளைங்க. வெஸ்லி தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மார்ச் 8

தூக்கம் இல்லை. இத்தனை நாளா அப்படியா நெனச்சிட்டு இருந்தான்? நாங்க என்ன செஞ்சோம், என்ன செய்யலை? ஒண்ணும் புரியலை.

மார்ச் 10

மூவரும் ஹாலோரனிடம் போனோம். வெஸ்லி தன் கணக்கைத் திருத்தி அனுப்ப வேண்டும். எங்களுடையது தபாலில் போக வேண்டும். பணம் வர மாதக்கணக்கில் ஆகுமாம். திருத்தத்துக்குக் காரணம் எழுதச் சொன்னார் ஹாலோரன். வெஸ்லி நெடுநேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தான். "என் குடும்பம் என்னைத் தன் கணக்கில் சேர்க்கிறது" என்று எழுதினான்.

"இது போதுமா?" என்று கேட்டான்.

"தாராளமா" என்றார் அவர்.

ஏப்ரல் 22

பணம் இன்னும் இல்லை. லாயிட் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார்.

மே 17

எல்லோரும் வீட்டில். காலையில் மாடியில் பெரிய சத்தம். குளியலறைக் கதவை வெஸ்லி அறைகிறான். "டேய் கர்ட், ஒரு மணி நேரமாடா குளிப்ப? சுடுதண்ணி முழுக்க உனக்கேவா? வெளிய வாடா, மவனே!" உள்ளேயிருந்து கர்ட் ஏதோ திட்டினான். இவன் அதைவிட உரக்கத் திட்டினான்.

ஐந்து வருடத்தில் வெஸ்லி இந்த வீட்டில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கடைசியாகச் சாப்பிட்டு, கடைசியாகக் குளித்து, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தவன்.

லாயிட் அதட்டுவதற்காக எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"கொஞ்ச நேரம் கத்தட்டும்" என்றேன்.